பரிசல் ஏறிப் பார்ப்போம்!

கொங்கு நாட்டு அணைக்கரையில் குடும்பத்துடன் ஒரு விடுமுறை

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. கோயமுத்தூரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், கடலைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டும். ஆனாலும் அலை அடிக்கும் நீரும், அதில் மிதக்கும் படகும், வலையில் துள்ளும் மீனும் இந்த நாட்டில் உண்டு. மலையடிவாரத்து அணைகள் அவற்றைத் தந்திருக்கின்றன.

மேல்நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை வந்தால், சக்கரம் வைத்த சிறு வீட்டைக் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்குக் 'கேரவன்' என்று பெயர். படுக்க இடம், சமைக்க அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கேரவன்கள் வரிசையாக நிற்பதற்கென்றே தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு வாரம் தங்குவார்கள். காலையில் தூண்டில், மாலையில் படகு. இதுதான் அவர்கள் விடுமுறை.

இந்த வழக்கம் பக்கத்துக் கேரளத்துக்கும் வந்துவிட்டது. 2021-ல் அந்த மாநில அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமண் மலையில் முதல் கேரவன் தோட்டம் திறக்கப்பட்டது.

கொங்கு நாட்டுக் குடும்பத்துக்குச் சக்கர வீடு வேண்டும் என்பதில்லை. மாற்றுத் துணி ஒரு பை, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் ஒரு தூக்கு. இவை போதும். காட்டுக்குள்ளே நீர்த்தேக்கம் இருக்கிறது. ஏறிக்கொள்ளப் பரிசல் இருக்கிறது. இரவு தங்கக் குடிலும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. தண்ணீர் விளையாட்டுப் பொருள் அல்ல. அதை அறிந்தவர் பேச்சைக் கேட்டு இறங்குகிறவருக்கு அது இன்பம் தரும். கேளாதவர்களை அடித்துக்கொண்டு போய்விடும். அணைக்கரைக்குப் போகும் குடும்பம் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு அணைகள்

கொங்கு மண் வறண்ட மண். மேற்கு மலையில் பெய்யும் மழையைத் தேக்கி வயலுக்கு அனுப்பவும், மின்சாரம் எடுக்கவும், சுதந்திரம் கிடைத்த பிறகு இங்கே அணைகள் கட்டப்பட்டன.

முதலில் பவானிசாகர். 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடிந்தது. மண்ணைக் கொட்டி எழுப்பிய அணை இது. நீளம் சுமார் எட்டே முக்கால் கிலோமீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க இரண்டு மணி நேரம் ஆகும்! பவானியும் மோயாறும் சேரும் இடத்தில் கட்டப்பட்டது. பழைய தணாயக்கன் கோட்டை இதன் நீருக்குள்தான் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றினால், மூழ்கிய கோயில் வெளியே தலைகாட்டும். மக்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணை. 1957-ல் கட்டப்பட்டது. இங்கே 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு இதுவே பெரிய வேடிக்கை.

பொள்ளாச்சிக்கு அப்பால், வால்பாறை மலை ஏறும் இடத்தில் ஆழியாறு அணை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்தது.

நான்காவது பில்லூர் அணை. குந்தா நீர்மின் திட்டத்துக்காக 1960-களில் கட்டப்பட்டது. குந்தா திட்டம் கனடா நாட்டின் உதவியுடன் உருவானது. மற்ற மூன்று அணைகளைப் போல இது சமவெளியைப் பார்த்து நிற்கவில்லை. மலைக்கு நடுவே, காட்டுக்குள் ஒளிந்து கிடக்கிறது. பரிசல் விடுமுறைக்கு மக்கள் தேடிப் போகும் இடமும் இதுதான்.

பரளிக்காட்டுக்கு வழி

கோயமுத்தூரிலிருந்து காரமடை. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு. அதற்கப்பால் மலைப்பாதை. கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் போனால் பரளிக்காடு வந்துவிடும். பில்லூர் நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ள சிற்றூர் இது.

இங்கே வாழ்கிறவர்கள் இருளர் இனத்துப் பழங்குடி மக்கள். தேன் எடுப்பதும், காட்டில் விளைவதைச் சேகரிப்பதும், சிறு நிலத்தில் ராகி, சாமை விதைப்பதும் இவர்களுடைய பழைய தொழில்கள். பரிசல் இவர்களுக்குப் புதிதல்ல.

2007-ல் வனத்துறை இங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வருகிறவர்களைப் பரிசலில் ஏற்றிச் செல்வது ஊர் ஆண்கள். சமைத்துப் போடுவது ஊர்ப் பெண்கள். வருகிற வருமானம் அந்த மக்களுக்குக் கூலியாகப் போய்ச் சேரும். காட்டை வெட்டாமல், காட்டைக் காட்டிப் பிழைக்க ஒரு வழி!

நினைத்த நேரத்தில் போய் நின்றால் பரிசல் கிடைக்காது. வனத்துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போக வேண்டும். வார இறுதி நாட்களில் ஆட்களை ஏற்றிச் செல்வது வழக்கம். மழையும் வெள்ளமும் மிகுந்தாலோ, காட்டுத் தீ பயம் இருந்தாலோ நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே புறப்படும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வட்டப் படகு

பரிசலைப் படத்தில் பார்த்தவர்கள் உண்டு. ஏறியவர்கள் குறைவு.

பெரிய கூடை ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பரிசல். மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவது போலவே முடைகிறார்கள். முன்னாளில் அதன் அடிப்புறத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. நீர் உள்ளே புகாதபடி தாரைக் காய்ச்சிப் பூசுவார்கள்.

பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்று கிடையாது. வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கமும் முன்பக்கமே. அடி தட்டையாக இருப்பதால் ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும். மற்றப் படகு பாறையில் முட்டி உடையும் இடத்தில், பரிசல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கரை ஏறியதும் ஓர் ஆள் அதைத் தூக்கி முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம்.

இதை ஓட்டுவது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. துடுப்பு ஒன்றுதான். பழக்கமில்லாதவர் அதைப் பிடித்து இழுத்தால், பரிசல் இருந்த இடத்திலேயே பம்பரம் போலச் சுழலும். ஓரடி கூட நகராது! பழகியவர் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீரைத் தன் பக்கம் வாரி வாரி இழுப்பார். பரிசல் நேராகப் போகும்.

ஏறுவதற்கு முன் எல்லோரும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசம் இல்லை. நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். ஏறியவுடன் பரிசல்காரர் ஆளுக்கு ஓர் இடம் காட்டுவார். எடை ஒரு பக்கம் சாயாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. படம் எடுக்க வேண்டும் என்று நடுநீரில் எழுந்து நின்றால் பரிசல் சாயும். நால்வரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தாலும் அதே கதைதான்.

உட்கார்ந்து போனால் பயமில்லை. இரு பக்கமும் மலை. நடுவே பச்சை நீர். எஞ்சின் சத்தம் இல்லை. துடுப்பு நீரைத் தொடும் ஓசை மட்டும் கேட்கும். கரையில் மான் நீர் குடிக்க வரலாம். எதிர்க்கரையில் யானை நிற்கவும் கூடும். வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் வரும்படி கூச்சல் போடக் கூடாது!

களியும் குழம்பும்

அக்கரை போய்த் திரும்பியதும் பசி எடுக்கும். மர நிழலில் சாப்பாடு காத்திருக்கும். ஊர்ப் பெண்கள் சமைத்தது. ராகிக் களியும், கீரையும், கோழிக் குழம்பும் அந்தப் பந்தியில் இடம் பெறுவது உண்டு.

நகரத்துப் பிள்ளைகள் களியைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கலாம். களியை மெல்லக் கூடாது. சிறிதாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். ஒரு வாய் போனால் மறு வாய் தானாகக் கேட்கும். அரிசியைவிட ராகியில் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு அதிகம். எலும்புக்கு உரம் தருவது. பாட்டிமார் களி தின்று வயல் வேலை செய்ததில் அதிசயமில்லை.

இரவு தங்கலாமா?

ஒரு நாள் போதாது என்பவர்களுக்குப் பூச்சமரத்தூர் இருக்கிறது. இதுவும் அதே காட்டுப் பகுதியில், பவானி ஆற்றங்கரையில் உள்ள பழங்குடிச் சிற்றூர். இங்கே வனத்துறை அமைத்த மரக் குடில்கள் உண்டு. இவற்றுக்கும் முன்பதிவு வேண்டும்.

மேல்நாட்டுக் கேரவன் தோட்டத்தில் குடியேறுகிறவர், முதல் நாள் செய்யும் வேலை இடம் பார்ப்பது. தண்ணீர் எங்கே, கழிப்பிடம் எங்கே, படகுத் துறை எங்கே என்று சுற்றி வருவார். பூச்சமரத்தூரிலும் அப்படித்தான். இறங்கியவுடன் அங்குள்ளவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

எந்த இடத்தில் குளிக்கலாம்? எதுவரை நடக்கலாம்? எத்தனை மணிக்குள் குடிலுக்குத் திரும்ப வேண்டும்?

மூன்றாவது கேள்வி முக்கியம். அந்தி சாய்ந்ததும் ஆற்றங்கரை யானைக்குச் சொந்தம். பகலெல்லாம் காட்டுக்குள் நின்ற யானைக் கூட்டம், தாகம் தீர்க்க இறங்கி வரும் நேரம் அது. அந்த வழியில் நிலா பார்க்க உலாவக் கூடாது.

மின்விளக்கும், உடம்பை மூடும் துணியும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தும் கையோடு வேண்டும். மதுப் புட்டியும், உரக்கப் பாடும் பெட்டியும், பிளாஸ்டிக் பையும் வேண்டாம். பில்லூர் அணை நீர் வெள்ளியங்காட்டில் சுத்தம் செய்யப்பட்டுக் கோவை மக்களுக்குக் குடிநீராகப் போகிறது. பரிசலில் இருந்து எறியும் குப்பை, வீட்டுக் குடத்தில் எறிந்தது போலத்தான்.

தூண்டில் போடலாமா?

நீரைக் கண்டால் தூண்டில் நினைவு வரும். பள்ளி விடுமுறையில் குளத்தங்கரையில் உட்காராத கொங்கு நாட்டுச் சிறுவன் உண்டா? மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள், சோளத்தட்டையில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவுதான் சாமான். தக்கை அமிழ்ந்தால் வீச்சென்று இழுக்க வேண்டும். முந்தினால் மீன் போய்விடும். பிந்தினால் புழு போய்விடும்!

ஆனால் அணையில் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. அதற்குக் காரணம் உண்டு.

கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள் கங்கை போன்ற வடநாட்டு ஆறுகளைச் சேர்ந்தவை. ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் இந்த மீன்கள், தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. 1957-ல் ஒரு வழி பிறந்தது. ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்தார். அது நடந்த ஜூலை 10-ந் தேதியை இந்தியா தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. பண்ணையில் குஞ்சு பொரித்து அணையில் விடுவதற்கு இதுவே வழி திறந்தது.

ஆகவே அணையில் உள்ள மீன் விதைத்து வளர்த்த பயிர். அதை அறுக்கும் உரிமை மீனவர்களுடையது. மாலையில் பரிசலில் போய் வலை கட்டுவார்கள். விடியலில் போய் எடுப்பார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு. வெளியாள் தூண்டில் போட விரும்பினால் முதலில் மீன்வளத் துறையினரிடம் கேட்க வேண்டும். ஊர்க் குளமானால் ஏலம் எடுத்தவரிடம் கேட்க வேண்டும். காப்புக் காட்டுக்குள் தூண்டிலை எடுக்கவே கூடாது.

கேட்டு அனுமதி பெற்ற குளத்தில் பெரும்பாலும் சிக்குவது ஜிலேபிக் கெண்டை. இது ஆப்பிரிக்க நாட்டு மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. இதன் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். குஞ்சுகள் வெளியே வந்த பிறகும், ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். இப்படிப் பாதுகாப்பாகப் பெருகியதால், இது வந்த இடமெல்லாம் நிறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது மாசீர். பெரிய செதில் கொண்ட ஆற்றுக் கெண்டை இனம். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் வாழும் திமில் மாசீர், 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. வெள்ளைக்காரர் காலத்தில் இதைத் தூண்டிலில் பிடிப்பதைப் புலி வேட்டைக்கு நிகராகப் பேசினார்கள். 2018-ல்தான் இந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்று முடிவாயிற்று. அதற்கு உதவியது மோயாற்றில் கிடைத்த மீன்! அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த ஆண்டிலேயே அழிவுப் பட்டியலிலும் ஏறிய மீன்!

மீன் பிடிக்க வழியில்லாதவர் வருந்த வேண்டாம். பவானிசாகரிலும் ஆழியாற்றிலும் அணைக்கு அருகே மீன் வறுக்கும் கடைகள் உண்டு. மிளகாய்ப் பொடி பூசி, சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துத் தருவார்கள். குடும்பத்துடன் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வெயில் அடிக்கும், வெள்ளம் வரும்

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி இது.

பில்லூர் அணையின் நீர்மட்டக் கணக்கு 100 அடி. மழைக் காலத்தில் 97 அடியை எட்டியதும் மதகைத் திறந்துவிடுவது வழக்கம். அப்போது மேட்டுப்பாளையம் பவானி ஆற்றில் வெள்ளம் பாயும். இது பலருக்கும் தெரியும்.

தெரியாத இன்னொன்று உண்டு. மழை இல்லாத நாளிலும் ஆற்றில் நீர் உயரும்! ஏன்?

அணையில் மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் எடுக்க நீரைத் திறந்தால்தான் எந்திரம் சுழலும். எந்திரம் நிற்கும்போது கீழே ஆறு வற்றிக் கிடக்கும். பாறைகள் வெளியே தெரியும். மணல் திட்டில் பிள்ளைகள் விளையாடலாம் போலத் தோன்றும். மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் எந்திரம் ஓடத் தொடங்கும். சுழற்றிவிட்ட நீர் ஆற்றில் இறங்கும். சிறிது நேரத்துக்கு முன் முழங்கால் ஆழமாக இருந்த இடம் ஆள் ஆழமாகிவிடும். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்த்தால் கரைக்கு வழி இருக்காது.

மேட்டுப்பாளையம் பகுதியில் பவானியில் குளிக்க இறங்கி உயிர் இழந்தவர்கள் பலர். வெளியூரிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. உள்ளூர்க்காரர் எச்சரித்திருப்பார். "வெயில் அடிக்கிறதே, வெள்ளம் எங்கே வரும்?" என்று நினைத்திருப்பார்கள்.

இந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? சருகும் குச்சியும் மிதந்து வருகின்றனவா? சற்று முன் வெளியே தெரிந்த கல் மூழ்கிவிட்டதா? நீரின் இரைச்சல் கூடுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பு, துணி, பாத்திரம் என்று தேடாமல் உடனே மேடேற வேண்டும். போன துணியை வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை வாங்க முடியாது.

யாராவது நீரில் தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் மூவரும் சேர்ந்து மூழ்கிய துயரம் பல ஊர்களில் நடந்திருக்கிறது. கயிறு, சேலை, நீண்ட கழி, காற்றடைத்த டியூப், மூடிய காலிக் குடம் எதையாவது கரையிலிருந்தே நீட்டவோ வீசவோ வேண்டும். கூவி ஆட்களை அழைக்க வேண்டும்.

நீரை அறிந்தவர்கள்

பரிசல்காரர் பலர் அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் நீரின் நிறத்தைப் பார்த்து மலையில் மழை என்று சொல்வார்கள். காற்றின் திசையைப் பார்த்துப் பரிசலைக் கரைக்குத் திருப்புவார்கள். உடைந்த மூங்கிலையும் புதிய சாணத்தையும் பார்த்து, யானை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அறிவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததல்ல இந்த அறிவு. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

விடுமுறைக்குப் போகிறவர் கொடுக்கும் கட்டணம் பரிசல் சவாரிக்கு மட்டும் ஆனதல்ல. அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான். அதை வாங்கிக்கொண்டு, பேச்சைக் கேட்காமல் வரலாமா?

அவர் "உட்காருங்க" என்றால் உட்கார வேண்டும். "இங்கே வேண்டாம்" என்றால் வேண்டாம். "நேரமாச்சு, போகலாம்" என்றால் எழுந்துவிட வேண்டும். அப்படி நடக்கும் குடும்பம் சிரித்த முகத்துடன் ஊர் திரும்பும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பரிசல் கதை சொல்வார்கள். பரளிக்காட்டு வீட்டிலும் அன்று அடுப்பு எரியும்.